குடும்பத் தலைவர் யார்? குடும்பச் செயலிகளின் ‘விருப்பத் தெரிவுகள்’ குறித்து ஒரு வாசிப்பு

சட்டங்களையும் கட்சித் திட்டங்களையும் இயக்கப் பிரகடனங்களையும் வரிவரியாக வாசித்து, ஒரு சொல்லுக்காக இரவிரவாக விவாதித்துப் பழகியவர்கள் நாம். ஆனால் எமது வீடுகளுக்குள்ளேயே புழங்குகின்ற ஒரு பிரதியை எவரும் அந்தக் கண்ணோடு வாசித்ததாகத் தெரியவில்லை. கைத்தொலைபேசியில் இருக்கும் குடும்பச் செயலிகளின் ‘விருப்பத் தெரிவுகள்’ என்னும் பக்கத்தையே சொல்கிறேன். யார் யார் வீட்டு உறுப்பினர், யாருக்கு என்ன நிறம், யாருக்கு நினைவூட்டல் போக வேண்டும், யாருடைய வங்கி அட்டையில் காசு கழிய வேண்டும், யார் யாருடைய இருப்பிடத்தைப் பார்க்கலாம் என்பதையெல்லாம் இத்தகைய பக்கங்களில்தான் நிரப்புகிறோம். பத்து நிமிட வேலை. நிரப்பி முடித்தபின் திரும்பிப் பார்ப்பதில்லை. இவ்வளவு அவசரமாக, இவ்வளவு விவாதமின்றி வேறெந்த யாப்பையும் நாம் எழுதியதில்லை.

‘யாப்பு’ என்பதைச் சிலர் மிகைப்படுத்தலாகக் கருதக்கூடும். யார் அங்கத்தவர், யாருக்கு என்ன அதிகாரம், முடிவை யார் எடுப்பது, எவர் எப்படி விலகலாம் என்று வரையறுக்கும் ஏட்டைத்தானே யாப்பு என்கிறோம். இந்த நான்கு கேள்விகளுக்கும் மேற்படி பக்கம் விடை சொல்கிறது. ஆகவே அதை ஒரு யாப்பாகவே வாசிக்க முற்படுகிறேன்.

*

முதலில் ‘கோசி’ என்ற செயலியை எடுத்துக்கொள்வோம். முன்னர் மைக்ரோசொவ்ற்றில் வேலை செய்த இருவர் 2005இல் சியாட்டிலில் தொடங்கியது இது. பொது நாட்காட்டி, சாமான் பட்டியல், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், சமையல் குறிப்புகள் என்று ஒரு வீட்டின் அன்றாடம் முழுவதும் அதற்குள் அடங்கும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு நிறம். நாட்காட்டியைத் திறந்தால் யாருக்கு என்றைக்கு என்ன என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும்.

நிறம் என்பது சமத்துவமான ஏற்பாடு போலத் தோன்றுகிறது. தகப்பனுக்கு நீலம், தாய்க்குச் செம்மஞ்சள், பிள்ளைகளுக்குப் பச்சையும் ஊதாவும். ஆளுக்கொரு நிறம், ஒருவர் மற்றவருக்கு மேல் இல்லை. ஆனால் ஒரு கிழமையைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். புதன்கிழமை நீச்சல் வகுப்பு பச்சை நிறத்தில் இருக்கிறது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் பச்சையும் ஊதாவும். பல் வைத்தியர் ஊதா. வேலையால் ஓடிவந்து அந்தப் பிள்ளையை ஏற்றிக்கொண்டுபோய், துவாயோடு வாங்கில் காத்திருந்து, திரும்பக் கூட்டிவருபவரின் நிறம் அங்கே இல்லை. நிகழ்ச்சி யாருடையது என்பதைப் பக்கம் கேட்கிறது. அதைச் சுமப்பவர் யார் என்பதைக் கேட்பதில்லை. வேண்டுமானால் தாயின் நிறத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதைச் சேர்க்க நினைவு வைத்திருக்க வேண்டியவரும் பெரும்பாலும் அந்தத் தாயே.

‘சுமை’ என்ற சொல்லை இங்கு ஆய்வுப் பொருளில் பயன்படுத்துகிறேன். பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொனிக் ஹைக்கோ 1984இல் வெளியிட்ட கட்டுரையில், வேலைத்தளத்தில் நிற்கும்போது வீட்டையும் வீட்டில் நிற்கும்போது வேலைத்தளத்தையும் ஒருங்கே தலைக்குள் வைத்திருக்கும் பெண்களின் நிலையை ‘மனச்சுமை’ என்று பேசினார். 2017இல் எம்மா என்ற பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரி அதையே படக்கதையாக வரைந்தபோதுதான் அச்சொல் உலகமெங்கும் பரவியது. 2019இல் அலிசன் டாமிங்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், 35 தம்பதியரிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து, இந்த மூளை உழைப்பை நான்காகப் பிரித்துக் காட்டினார்: தேவையை முன்கூட்டியே உணர்தல், அதற்கான வழிகளைத் தேடிப் பிடித்தல், எதைச் செய்வதென்று முடிவெடுத்தல், முடிவு நிறைவேறியதா என்று கண்காணித்தல். அவரது முடிவு எமது கவனத்திற்குரியது. முடிவெடுத்தலில் ஆண்கள் ஓரளவு சமமாகப் பங்கெடுக்கிறார்கள். முன்னுணர்தலும் கண்காணித்தலும் பெண்களின் தலையிலேயே விழுகின்றன. அதாவது அதிகாரம் தெரிகின்ற இடத்தில் இருவர்; உழைப்பு மறைகின்ற இடத்தில் ஒருவர்.

செயலி இந்த நான்கில் எதைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது? கண்காணித்தலில் ஒரு பகுதியை மட்டும்: குறித்த நேரத்தில் மணியடிக்கிறது. ஆனால் எதற்கு, எத்தனை மணிக்கு, யாருக்கு அடிக்க வேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே யாரோ சொல்லியாக வேண்டும். ‘விருப்பத் தெரிவுகள்’ பக்கம் முன்னுணர்தலின் படிவமே. பிள்ளையின் தடுப்பூசி, பாடசாலை விடுமுறை, வதிவிட அட்டை காலாவதியாகும் திகதி, ஊரிலிருந்து வருகின்ற மாமிக்கு விசா விண்ணப்பிக்க வேண்டிய திகதி - இவற்றை யார் உட்புகுத்துகிறாரோ அவரே வீட்டை நடத்துகிறார். ‘எனக்கு ஏன் நினைவூட்டல் வரவில்லை?’ என்று கேட்பவர், இந்த உழைப்பின் விளைவை மட்டும் வாங்குபவர்.

றூத் சுவாட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில், வீட்டுச் சாதனங்கள் உண்மையில் யாருடைய உழைப்பைக் குறைத்தன என்று கேட்டார். இரும்படுப்பு வந்தது; விறகு வெட்டும் ஆணின் வேலை குறைந்தது, சமைக்கும் பெண்ணின் வேலை அப்படியே நின்றது, சில இடங்களில் கூடியது. ‘உழைப்பைச் சேமிக்கும்’ சாதனத்தைக் கண்டவுடன் ‘யாருடைய உழைப்பை?’ என்று கேட்கும் பழக்கத்தை நாம் அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

*

இனி அதிகாரத்துக்கு வருகிறேன். அப்பிள் நிறுவனம் 2014இல் ‘குடும்பப் பகிர்வு’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒருவர் ‘ஒழுங்கமைப்பாளர்’. அவரோடு மேலும் ஐவர். ஆக மொத்தம் ஆறு பேர். கொள்வனவைப் பகிர்ந்துகொள்வதென்று தெரிவுசெய்தால், உறுப்பினர்கள் வாங்குவது ஒழுங்கமைப்பாளரின் அட்டையில் கழியும் என்பதே அதன் தொடக்க ஏற்பாடு. பிள்ளைகள் எதையாவது வாங்க விரும்பினால் ‘கேட்டு வாங்க’ வேண்டும். 13 வயதுக்குட்பட்ட பிள்ளை தானாகக் குழுவிலிருந்து விலக முடியாது. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்தில் மட்டுமே இருக்கலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது இது: ஒழுங்கமைப்பாளர் தன் பதவியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. தலைவரை மாற்ற வேண்டுமாயின் குடும்பத்தையே கலைத்து, புதிதாக ஒரு குடும்பத்தை அமைக்க வேண்டும்.

இந்த விதியைச் சட்ட வரலாற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாம் தஞ்சம் கோரிய நாடுகளிலேயே ‘குடும்பத் தலைவன்’ என்ற பதவி அண்மைக்காலம் வரை சட்டத்தில் இருந்தது. பிரான்சில் மணமான பெண் கணவனின் சம்மதமின்றி வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் திறக்கவும் 1965இன் சட்டமே வழிசெய்தது. கணவன் குடும்பத்தின் தலைவன் என்ற ஏற்பாடு 1970 ஜூன் 4ஆம் திகதிய சட்டத்தோடுதான் ஒழிந்தது. மேற்கு ஜேர்மனியில் வீட்டை நடத்துவது மனைவியின் பொறுப்பென்றும், அப்பொறுப்புக்குக் குந்தகமில்லாத அளவுக்கே அவர் வேலைக்குப் போகலாமென்றும் குடியியல் சட்டம் 1977 வரை சொல்லிக்கொண்டிருந்தது. சுவிற்சர்லாந்தில் கணவனைத் தலைவனாகக் கொண்ட திருமணச் சட்டம் 1985 செப்ரெம்பர் 22இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடிக்கப்பட்டு, 1988 ஜனவரி 1இல்தான் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1980களின் நடுப்பகுதியில் பேர்ணிலும் சூரிச்சிலும் வந்திறங்கிய எம்மவர்கள், தாம் விட்டுவந்த நாட்டில் மட்டுமல்ல, புகுந்த நாட்டிலும் சட்டப்படி குடும்பத் தலைவர்களாகவே இருந்தார்கள்.

எமது பக்கமும் இதே கதைதான். யாழ்ப்பாணத்தில் வீடுவளவு பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில் எழுதப்படுகிறது. ஆனால் திருமண உரிமைகளையும் மரபுரிமையையும் பற்றிய 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டம், அந்தப் பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்ற வேண்டுமாயின் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றது. சொத்து அவளுடையது, ‘கேட்டு விற்க’ வேண்டியவளும் அவளே. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணிகளின் வாரிசு வரிசையில் மகள்மாருக்கு முன் மகன்மாரை நிறுத்தியது. அது திருத்தப்பட 2022 ஆயிற்று. போருக்குப் பின் வடக்கு கிழக்கில் ‘பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்’ என்ற தொடர் அறிக்கைகளில் மலிந்தது. கணவன் கொல்லப்பட்டால், காணாமற்போனால், சிறையிலிருந்தால் மட்டுமே ஒரு பெண் தலைவியாகக் கணக்கெடுக்கப்படுகிறாள் என்பதை அந்தத் தொடரே ஒப்புக்கொள்கிறது.

‘குடும்பம்’ என்பதற்கான இலத்தீன் சொல் ஒருவனுக்கு உரிமையான அடிமைகளின் தொகுதியையே ஆதியில் குறித்தது என்று எங்கெல்ஸ் 1884இல் சுட்டிக்காட்டினார். எங்கெல்சின் மானிடவியலில் பல பகுதிகள் காலாவதியாகிவிட்டன. ஆயினும் குடும்பத்தை அன்பின் கூடாகப் பார்க்குமுன் சொத்தினதும் கட்டளையினதும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்ற அவரது வற்புறுத்தல் காலாவதியாகவில்லை. நாடாளுமன்றங்கள் நீண்ட போராட்டத்தின் பின் நீக்கிய தலைவர் பதவியை, வங்கி அட்டையைப் பதியும் ஒரு பெட்டி சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ஒழுங்கமைப்பாளர் ஆணாக இருக்க வேண்டும் என்று செயலி சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் அட்டை யாருடையதோ பதவி அவருடையது என்று அமையும்போது, எமது வீடுகளில் அது பெரும்பாலும் எங்கே போய் நிற்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இதில் எமக்கேயுரிய ஒரு விசித்திரமும் உண்டு. எம்மவர் வீடுகள் பலவற்றில் இந்தப் பக்கத்தை உண்மையில் நிரப்புவது 14 வயதுப் பிள்ளை. வைத்தியசாலையிலும் வதிவிட அலுவலகத்திலும் பெற்றோருக்கு மொழிபெயர்த்த அதே பிள்ளைதான், இப்போது தன்னைக் கட்டுப்படுத்தும் விதிகளைத் தகப்பனின் பெயரில் தானே உட்புகுத்துகிறது. பதவி அப்பாவுக்கு, பொறுப்பு அம்மாவுக்கு, கைவேலை பிள்ளைக்கு. இந்த மூன்றும் ஒருவரிடம் இருப்பதாகச் செயலி எண்ணிக்கொண்டிருக்கிறது.

*

அடுத்து, யார் குடும்பம்? கூகிளின் குடும்பக் குழுவிலும் ஆறு பேர்தான். அத்தோடு, குழுவை நடத்துபவர் வாழும் நாட்டிலேயே மற்றவர்களும் வாழ வேண்டும். நெற்பிளிக்ஸ் 2023இல் கடவுச்சொல் பகிர்வைத் தடுக்கத் தொடங்கியபோது, ‘வீட்டார்’ என்பதை ஓரிடத்தின் இணைய இணைப்போடு கட்டிப்போட்டது. ஸ்பொட்டிபையின் குடும்பத் திட்டம் ஒரே முகவரியில் வாழ்பவர்களுக்கானது. ஒரே நாடு, ஒரே கூரை, ஆறு தலைகள்: இதுவே கலிபோர்ணியாவில் வரையப்பட்ட குடும்பம்.

எமக்கு இது புதியதல்ல. குடும்ப ஒன்றிணைவு பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுப் பணிப்புரை, கணவன் அல்லது மனைவியையும் வயதுக்கு வராத பிள்ளைகளையும் குடும்பமென்று ஏற்றது. பெற்றோரையும் வயதுவந்த பிள்ளைகளையும் அனுமதிப்பதும் விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம் என்றது. சகோதரங்களுக்கு அதில் உரிமையே இல்லை. கனடா 2011இல் கொண்டுவந்த ‘சுப்பர் விசா’, அம்மாவையும் அம்மம்மாவையும் நீண்டகாலம் தங்கும் விருந்தாளிகளாக்கியது. குடிவரவு அதிகாரியின் மேசையில் நாம் விவாதித்துத் தோற்ற வரைவிலக்கணம், இப்போது எமது சட்டைப்பைக்குள் விருப்பத் தெரிவாக இருக்கிறது.

தகப்பன் போரில் இறந்துபோக, சித்தப்பா ஒருவர் நோர்வேயிலிருந்து மாதாமாதம் அனுப்பிய காசில் படித்து வளர்ந்த பிள்ளைகள் எம்மிடையே எத்தனை பேர்! அந்தச் சித்தப்பா இந்தப் பக்கத்தில் யார்? பெற்றோர், பிள்ளை, பாதுகாவலர், வயதுவந்தவர் என்று நான்கு சொற்களுக்குள் அடைக்கப்பட்ட உறவுமுறைக்குள் பெரியம்மாவும் மச்சாளும் மாமியும் ‘ஏனையோர்’ ஆகிவிடுகிறார்கள். பெயரே முதற் சிக்கல். ‘குடும்பப் பெயர்’ என்ற பெட்டியில் எதை எழுதுவது? தஞ்ச விண்ணப்பத்தில் ஒருவருக்குத் தகப்பன் பெயர், மனைவிக்குக் கணவன் பெயர், பின்னால் வந்த தம்பிக்கு அவரது சொந்தப் பெயரே குடும்பப் பெயர் என்று பதியப்பட்டு, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மூன்று குடும்பப் பெயர்களோடு வாழ்கிறோம்.

இன்னும் ஒரு வகையினர் இருக்கிறார்கள். செயலியில் ஒருவர் உறுப்பினராக இருக்கலாம், அல்லது நீக்கப்பட்டவராக இருக்கலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே இல்லை. 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலம் கடந்தபின் காணாத மகனுக்கு இதில் இடம் எது? இலங்கை அரசுகூட 2016இல் ஒரு திருத்தச் சட்டத்தின் மூலம், மரணச் சான்றிதழ் எடுக்க மறுக்கும் உறவினருக்கு, ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்க ஒப்புக்கொண்டது. அதனால் நீதி கிடைத்துவிட்டதென்று நான் சொல்லவரவில்லை. தாய்மார் இன்னமும் வீதியோரப் பந்தலில் இருந்தார்கள். ஆனால் இருப்புக்கும் இறப்புக்கும் இடையில் ஒரு நிலை உண்டு என்பதை அந்தத் தாய்மாரின் பிடிவாதம் சட்டத்திற்குள் கொண்டுவந்தது.

*

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழமை ஞாயிறில் தொடங்குவதா திங்களில் தொடங்குவதா, எந்த நேர வலயம் என்று இத்தகைய செயலிகள் கேட்கின்றன. பாரிசுக்கும் வட்டுக்கோட்டைக்கும் இடையே கோடையில் மூன்றரை மணித்தியாலம், குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம். இந்த ஒரு மணித்தியாலத்தை நினைவில் வைத்து, அம்மா படுக்கைக்குப் போகுமுன் வைபரில் எடுப்பவர் யார் என்பதும் மனச்சுமையின் ஒரு பகுதியே. நேர வலயம் வெறும் தொழில்நுட்ப விடயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்தலாம். 1996இல் இலங்கை அரசு மணிக்கூட்டை முன்தள்ளி வைத்தபோது புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை ஒரு சிறு தீவில் இரண்டு நேரங்கள் ஓடின. மணிக்கூடும் ஒரு அரசியல் அமைப்பே.

ஆட்டைத் திவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆண்டுதோறும் திரும்ப வரும்’ என்ற தெரிவு ஆங்கிலத் திகதிக்கு மட்டுமே பொருந்தும். திதி ஒவ்வோர் ஆண்டும் நகரும். ஆகவே யாரோ ஒருவர் வருடா வருடம் பஞ்சாங்கம் பார்த்து அதைக் கையால் உட்புகுத்த வேண்டும். சடங்குகளில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் மாமனாரின் திதியை மறந்துவிட்டதாக யாரும் மகனைக் குறை சொல்வதில்லை, மருமகளையே சொல்கிறார்கள் என்ற உண்மையில் எனக்கு நம்பிக்கை உண்டு.

*

இருப்பிடம் பற்றிய தெரிவு தனியாக விவாதிக்கப்பட வேண்டியது. பிள்ளை எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் பார்ப்பது பாதுகாப்பு என்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை தனியாகப் பேருந்தில் வரும்போது அது பாதுகாப்புத்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தெரிவு ஒருமுறை போடப்பட்டால் யாரும் அதை எடுப்பதில்லை. பத்து வயதில் பாதுகாப்பாக இருந்தது பதினேழு வயதில் என்னவாகிறது? எமது சமூகத்தில் மகனின் புள்ளி வரைபடத்தில் எங்கே நின்றாலும் அது செய்தியல்ல. மகளின் புள்ளி இரவு எட்டு மணிக்கு அறிமுகமில்லாத ஒரு வீதியில் நின்றால் அது குடும்ப மானம். 1990களில் பெண்கள் சந்திப்புகளில், வீட்டுக்குள் பெண்பிள்ளைகள் மீதான கட்டுப்பாடு பற்றிப் பேசியபோது ‘அந்நிய மண்ணில் பயம்’ என்று பதில் வந்தது. அன்று அந்தப் பயத்துக்குக் கண்கள் இரண்டுதான். இன்று அதற்குச் செய்மதி உதவுகிறது.

சட்டம் காப்பாற்றுமா? 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, ஒரு கொம்பனி எம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறது என்று கேட்கும் உரிமையை எமக்குத் தருகிறது. ஆனால் முற்றிலும் தனிப்பட்ட அல்லது வீட்டு அலுவல்களுக்கு அது பொருந்தாது என்று தன் இரண்டாம் உறுப்புரையிலேயே விலக்கும் அளிக்கிறது. கூகிளை நோக்கி மகள் கேள்வி கேட்கலாம். தகப்பனை நோக்கி அதே சட்டத்தோடு கேட்பது கடினம். வீட்டு வாசற்படியில் சட்டம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. மறுபுறம், பகிர்ந்தவற்றையெல்லாம் அவசரமாகத் துண்டிக்கும் ஒரு வசதியை அப்பிள் 2022இல் சேர்த்தது. வீட்டு வன்முறைக்கு ஆளானோரை மனதில் வைத்தே அது அறிமுகமானது. குடும்பப் பகிர்வு சிலருக்கு ஆபத்தாகலாம் என்பதற்கு விற்பவர்களின் வாக்குமூலத்தைவிட வேறென்ன சான்று வேண்டும்?

போர்க்காலத்தில் கொழும்பில் தமிழர் வீடுகளில் தங்கியிருப்போரின் பெயர்களைப் பொலிசில் பதிய வேண்டியிருந்ததை எம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். யார் இருக்கிறார்கள், யார் வந்தார்கள், எப்போது போவார்கள் என்ற அந்தப் பட்டியலை நாம் அவமானமாக உணர்ந்தோம். குடும்பச் செயலியும் பொலிஸ் பதிவும் ஒன்றென்று நான் சமன்படுத்தவில்லை. ஒன்றில் கைது இருந்தது, மற்றதில் இல்லை. ஆனால் பட்டியலிடப்படுவதன் கசப்பை அறிந்த சமூகம், தன் பிள்ளைகளைப் பட்டியலிடும்போது கொஞ்சமாவது தயங்க வேண்டும்.

இந்தப் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்பதும் தயக்கத்துக்குக் காரணம். கோசியை 2014இல் ரைம் நிறுவனம் வாங்கியது. 2018இல் ரைம் நிறுவனத்தையே மெரெடித் வாங்கியது. 2022இல் கோசி, மணமுறிவு பெற்ற பெற்றோர் பிள்ளைகளின் அலுவல்களைப் பகிர்ந்துகொள்வதற்கான செயலி நடத்தும் ஒரு மினியாபொலிஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஒன்றுபட்ட குடும்பத்தின் நாட்காட்டியைப் பிரிந்த குடும்பத்தின் நாட்காட்டி வாங்கிய இந்த நகைமுரண் ஒருபுறம் இருக்கட்டும். 2024இல், காசு கட்டாதவர்கள் தமது நாட்காட்டியில் 30 நாட்களுக்கு அப்பால் பார்க்க முடியாதபடி அது மட்டுப்படுத்தப்பட்டது. பல ஆண்டுகளாகப் பெண்கள் கூலியின்றி உட்புகுத்திய எதிர்காலம், அவர்களுக்கே மாதக் கணக்கில் அளந்து கொடுக்கப்பட்டது. 1970களில் ‘வீட்டு வேலைக்குக் கூலி’ இயக்கத்தார் இவ்வுழைப்பால் இலாபமடைவது யார் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இப்போது கணக்கு எண்ணோடு விடை இருக்கிறது.

*

இத்தனைக்கும் பின், இச்செயலிகளை வீசிவிட வேண்டும் என்பது என் வாதமல்ல. நண்பர்கள் சிலர் இதற்கு எதிர்மாறாக வாதிடுகிறார்கள். முன்பு அம்மாவின் தலைக்குள் மட்டும் இருந்தது இப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவதைத்தான் பங்கிடலாம் என்பது அவர்களது வாதம். இதில் நியாயம் உண்டு. குசினிச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் வேலை இருந்தது, செய்தவரின் பெயர் இருக்கவில்லை. செயலியில் குறைந்தபட்சம் ஒரு பதிவு மிஞ்சுகிறது. ஒரு வருடப் பதிவை வைத்துக்கொண்டு, இதில் எத்தனையை யார் எழுதினார், யார் செய்தார் என்று ஒரு குடும்பம் உட்கார்ந்து எண்ணுமானால், அது பல கருத்தரங்குகளைவிடப் பயன் தரும். ஆனால் எண்ணாத பதிவு தானாக எதையும் பங்கிடாது. தெரிவது வேறு, பார்ப்பது வேறு.

ஆகவே என் நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விருப்பத் தெரிவுகளை ஒருவர் தனியே நிரப்பக்கூடாது. வீட்டிலுள்ள எல்லோரும் கூடி, வாசித்து, ஒவ்வொரு வரியிலும் ‘யாருடைய விருப்பம்?’ என்று கேட்டு நிரப்ப வேண்டும். ஒரு நிகழ்ச்சியைப் பதியும்போது அதைச் சுமப்பவரின் நிறத்திலேயே பதிய வேண்டும். அப்போது ஒரு கிழமையின் நிறம் உண்மையைச் சொல்லும். நினைவூட்டல் எல்லோருக்கும் போக வேண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்ற சலுகை எவருக்கும் இருக்கக்கூடாது. இருப்பிடத் தெரிவுக்குத் திகதி வைக்க வேண்டும்; பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அதை வைத்திருப்பதா எடுப்பதா என்று பிள்ளையோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். பெற்றோர் பார்க்கலாமென்றால் பிள்ளையும் பெற்றோரைப் பார்க்கலாம். வயதுவந்த இருவர் ஒரே அட்டையின் கீழ் வாழத் தேவையில்லை. செயலிக்கு இடமில்லாத உறவுகளுக்கு, அந்தச் சித்தப்பாவுக்கும் காணாத மகனுக்கும், ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

இவை சின்ன விடயங்கள் என்று சொல்லப்படலாம். தேசம், வர்க்கம், சாதி என்று பெரிய விடயங்களைப் பேசிய எமது கூட்டங்களில் தேநீர் ஊற்றியது யார் என்பதும் அன்று சின்ன விடயமாகவே இருந்தது. இக்கட்டுரையோடு உடன்படாதோர், குறிப்பாக எமது வீடுகளில் இந்தப் பக்கத்தை நிரப்பி வளர்ந்த இளையவர்கள், அடுத்த இதழில் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். தகப்பனின் பெயரில் விதிகளை எழுதிய கைகளிடம், அவற்றின் கீழ் வாழ்ந்தது எப்படியிருந்தது என்று நாம் இதுவரை கேட்கவில்லை.